ரேஷியோ சொன்னவர் பெயர்

வடலூர் நாலு ரோட்டிலிருந்து கும்பகோணம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால், உரக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் ஒரு மோட்டார் வைண்டிங் கடை இருக்கிறது. வாசலில் கருகிப்போன போர் மோட்டார்கள் வரிசையாகப் படுத்திருக்கும். உள்ளே போனால் வார்னிஷ் நெடி. சுடிதாருக்கு மேல் ஓர் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருப்பது எழில்மதி. வயது முப்பத்தொன்று. கடை குஞ்சிதபாதம் என்பவருடையது. அவர் சாயங்காலம் வந்து பூட்டிக்கொண்டு போவதோடு சரி. கம்மாபுரம் பக்கத்து விவசாயிகள் "எழிலு இருக்குதா" என்று கேட்டுவிட்டுத்தான் மோட்டாரை வண்டியிலிருந்து இறக்குவார்கள். இல்லை என்றால் நாளைக்கு வருகிறோம் என்று திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

எழில்மதி என் அக்கா. இந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லாமல் விட்டேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு காகிதம் லேமினேஷன் போட்டு மாட்டியிருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழ். அப்பா அய்யனார் இருபத்திரண்டு வருஷம் நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாக, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற மண்ணை அள்ளிப் போட்டவர். அம்மா வள்ளியம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். இரண்டு பக்கத்து வம்சத்திலும் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான், பி.இ. மெக்கானிக்கல். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

நான் கல்லூரியில் சேரும்போது அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதியது அக்கா. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அக்கா பிளஸ் டூவில் தொழிற்பிரிவு படித்தவள். மோட்டார், வைண்டிங் எல்லாம் அங்கேயே சொல்லிக்கொடுத்தார்கள். முப்பத்தெட்டுப் பையன்கள் இருந்த வகுப்பில் மூன்று பெண்களில் ஒருத்தி. பள்ளி முடித்த அடுத்த வாரமே குஞ்சிதபாதம் கடைக்குப் போய்விட்டாள். அவளை யாரும் வற்புறுத்தி அனுப்பவில்லை. மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். கல்லூரிக்கும் போயிருக்கலாம்தான். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வி.ஏ.ஓ. விண்ணப்பத்தைப் படித்துவிட்டு அவளைத்தான் கேட்டார். "மார்க்கெல்லாம் நல்லாத்தான் எடுத்திருக்க. நீ ஏம்மா காலேஜ் போவல?"

"நான் போயிருந்தா இவன் ரெண்டாவது ஆயிருப்பான் சார். சர்டிபிகேட் கெடைக்காது."

வி.ஏ.ஓ. சிரித்தார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

டிகிரி முடித்து இரண்டு கம்பெனிகளில் இருந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கு ரோபோடிக்ஸ் பயிற்சியாளராக வந்தேன். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. அப்பாக்கள் மைன்ஸில் பெர்மனென்ட், பல பேருக்குத் தாத்தாவும் பெர்மனென்ட். திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்து இங்கேயே ஆகிப்போன குடும்பங்கள். லேபுக்குப் பொறுப்பு இயற்பியல் ஆசிரியர் செந்தில்நாதன் சார். சேர்ந்த முதல் வாரம், ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்.

"அக்கா என்ன பண்றாங்கப்பா?"

"எலெக்ட்ரிகல் ஃபீல்டுல இருக்காங்க சார்."

"ஓ, இன்ஜினியரா?"

நான் டீ டம்ளரைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது. அதற்கப்புறம் செந்தில்நாதன் சார் யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தினால், "இவங்க வீட்ல அக்காவும் இன்ஜினியர்" என்று சேர்த்துக்கொள்வார். நான் ஒவ்வொரு தடவையும் ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன வருஷம் சென்னையில் பள்ளிகளுக்கான ஒரு ரோபோ போட்டிக்குப் பேர் கொடுத்தோம். ரோபோ பத்து செகண்டுக்குள் மூன்று பந்தை எறிய வேண்டும். பத்தடி தள்ளி, ஆள் உயரத்தில் ஒரு கூடை. மூன்றும் அதில் விழ வேண்டும். எறிவதற்கு ஒரு சக்கரம். சக்கரத்துக்கு மேலே வளைந்த தகடு. இரண்டுக்கும் நடுவில் பந்தைத் தள்ளினால் சக்கரம் அதை இழுத்து வெளியே வீசும். சக்கரத்தைச் சுற்றுகிற மோட்டார் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்று. அதை எத்தனையாகக் குறைப்பது என்பதுதான் கேள்வி. ரோபோ கிட்டில் மூன்று, நான்கு, ஐந்து மடங்கு குறைக்கிற குட்டி கியர்பாக்ஸ்கள் இருந்தன. ஒன்றோடு ஒன்று சேர்த்தும் போடலாம்.

டீமில் நோட்டு எழுதுகிற பெண் தேவயானி. ஒன்பதாம் வகுப்பு. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேனாவை மூட மாட்டாள்.

"சார், ரேஷியோ எவ்ளோ வைக்கலாம்?"

நான் மைன்ஸைப் பார்த்து வளர்ந்தவன். எங்கள் ஊர் மேட்டில் ஏறி நின்றால், மண் வெட்டுகிற அந்தப் பெரிய மெஷினின் சக்கரம் ஆடி அசைந்து சுற்றுவது தெரியும். கல்லூரியில் அனுப்பிய இன்பிளான்ட் டிரெய்னிங்கும் அங்கேதான். வீடு மாதிரி மோட்டார், பஸ் மாதிரி கியர்பாக்ஸ், அதற்கப்புறம் ஒரு மெதுவான உருளை. எங்கள் பக்கம் கியர்பாக்ஸ் என்றாலே வேகத்தைக் கொன்று பலத்தை எடுப்பது. வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததே இல்லை. பந்தை வீச பலம் வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றியது.

"அஞ்சும் நாலும் போடு. இருபது மடங்கு. நெய்வேலில எதுவுமே வேகமா சுத்தாதும்மா. பலமா சுத்தும்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். தேவயானி அதை அப்படியே நோட்டில் எழுதினாள். போட்டியின் விதி அது. ஒவ்வொரு முடிவுக்கும் தேதி, காரணம், சொன்னவர் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். 'சொன்னவர் பெயர்' கட்டத்தில் கலைச்செல்வன் சார், பி.இ. என்று அழகாக எழுதினாள். பி.இ.யைச் சேர்க்கச் சொன்னது நான்.

பந்து சக்கரத்தில் ஏறியது, கொஞ்ச நேரம் யோசித்தது, மூன்றடி தள்ளி இறங்கியது.

"சார், பந்து பறக்கல. இறங்கிப் போகுது" என்றாள் தேவயானி.

கோபத்தில் கியரையே கழற்றிவிட்டு மோட்டாரில் நேராகச் சக்கரத்தை மாட்டினேன். முதல் பந்து ஃபேனில் போய் அடித்தது. இரண்டாவது பாதி தூரம். மூன்றாவது எங்கள் காலடியில் விழுந்தது. மோட்டாரைத் தொட்டால் கை சுட்டது. நான்கு நாள் இப்படியே போனது. போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் எறிகிற பாகத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வடலூர் பஸ் ஏறினேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாடா இது, கிரைண்டரா?"

"ரோபோக்கா. பந்து எறியும்."

"பந்து எறியறதுக்கு ஏண்டா மோட்டாரு இப்புடி வெந்துக்கினு கெடக்குது?" மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "இன்னும் ரெண்டு நாள் ஓட்டுனன்னா எனக்கு வேலை வெச்சிருப்ப."

எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், எத்தனை பந்து, எவ்வளவு நேரம் என்று கேட்டாள். மோட்டாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சுற்று பார்க்கிற மீட்டரை எடுத்துச் சக்கரத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "போடு" என்றாள். பந்து அலமாரியில் பட்டுத் திரும்பி வார்னிஷ் தட்டில் விழுந்தது.

"அஞ்சாயிரத்து அறுநூறு இருந்திச்சு. பந்து போனதும் மூவாயிரத்து நூறு. திரும்ப ஏற ஒம்போது செகண்டு. நீ பத்து செகண்டுல மூணு போடணும். அது மூச்சு வாங்கிக்கினு இருக்கும்போதே அடுத்தத குடுக்குற. எப்புடிப் போவும்?"

"அப்போ இருபது மடங்கு குறைச்சா ஏன் போகல?"

"இருபதா?" அக்கா கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "மைன்ஸ் மண்டைடா உனுக்கு. அங்க மண்ணத் தூக்குறான். நீ எறியணும்ல."

பிறகு வார்னிஷ் பந்தைத் துணியில் துடைத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்தாள். ஒரு கையை அசையாமல் வைத்துக்கொண்டு இன்னொரு கையை மட்டும் முன்னால் தள்ளினாள். பந்து உருண்டது.

"கை எவ்ளோ தூரம் போச்சு? பந்து எவ்ளோ போச்சு?"

கை ஒரு சாண் போயிருந்தது. பந்து அரைச் சாண்.

"ஒரு பக்கம் சக்கரம் ஓடுது. இன்னொரு பக்கம் தகடு சும்மா நிக்குது. நடுவுல உருள்ற பந்துக்குப் பாதி வேகம்தான். நீ கணக்குப் போட்டப்ப முழுசா போட்டியா, பாதியா?"

நான் கணக்கே போடவில்லை. நான்கு வருஷம் படித்ததில் இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். இருந்தும் போடவில்லை. அப்படிச் சொல்லாமல், "முழுசா போட்டுட்டேன் போல" என்றேன்.

அவள் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதினாள். கிட்டிலிருந்த உதிரி கியர்களைக் கொட்டிப் பொறுக்கினாள். "மோட்டார்ல இருவது பல்லு. சக்கரத்துல நாப்பது பல்லு. ரெண்டுக்கு ஒன்னு. மூவாயிரம் சுத்து போதும், பந்து போனாலும் ரெண்டு செகண்டுல ஏறிக்கும்." மாட்டிப் பார்த்தோம். அலமாரி மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்தாள். இரண்டு பந்து வாளிக்குள் விழுந்தது, மூன்றாவது விளிம்பில் பட்டு உள்ளே சாய்ந்தது. டயர் கடையிலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்து, "எழிலு, கடைக்குள்ள கிரிக்கெட்டா?" என்றார்.

"எங்க வூட்டு இன்ஜினியருக்கு பௌலிங் சொல்லித் தரேண்ணே."

அந்தக் கடைத்தெருவில் அத்தனை பேருக்கும் நான் அவள் தம்பி என்று தெரியும். போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை லேபில் ஓட்டும்போது கியர்கள் ஒன்றிலிருந்து ஒன்று நழுவ ஆரம்பித்தன. தாங்கி நிற்கிற கம்பி வளைந்திருந்தது. எனக்கு நேராக்கத் தெரியவில்லை, பிள்ளைகள் காத்திருந்தார்கள். போன் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் பள்ளி வாசலில் வந்து நின்றாள். அதே சட்டை, தோளில் ஸ்பேனர் பை. வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று கையிலிருந்த வார்னிஷ் சொன்னது.

அவளை அழைத்துக்கொண்டு லேபுக்குள் நுழைந்தபோது செந்தில்நாதன் சார் உள்ளே இருந்தார்.

"யாரு இவங்க?"

சொல்ல இரண்டே வார்த்தை. வாய் திறந்தபோது அந்த இன்ஜினியர் அக்கா நடுவில் வந்து நின்றுவிட்டாள்.

"வைண்டிங் கடையிலேருந்து சார். நான்தான் வரச் சொன்னேன்."

அக்கா எனக்கு இரண்டடி பின்னால் நின்றாள். மேஜைக்குப் போனாள், பையைத் திறந்தாள், குனிந்தாள்.

"சார், அந்த எட்டாம் நம்பர் ஸ்பேனர எடுங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை. எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் வேலை பார்த்தாள். தேவயானி பக்கத்தில் நின்று துளைத்தெடுத்தாள். அக்கா அவளுக்கும் அதே உள்ளங்கைக் கணக்கைச் செய்து காட்டினாள். "நல்ல விவரமா இருக்காங்களே" என்று செந்தில்நாதன் சார் என் காதருகே சொன்னார். கிளம்பும்போது நான் என் அக்காவைப் பார்த்து, "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து அவளை நீ என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"வேணாங்க சார். கடை தொறந்து கெடக்குது."

அன்று சாயங்காலம் தேவயானி நோட்டைக் கொண்டுவந்தாள். இருபது பல், நாற்பது பல், தேதி, காரணம் எல்லாம் எழுதியிருந்தாள். "அவங்க பேரு என்ன சார்?"

"அப்புறம் எழுதிக்கலாம்."

கட்டம் காலியாகவே சென்னைக்குப் போனது.

ரோபோ நன்றாக எறிந்தது. அதன் பிறகு ஒரு நடுவர் அம்மா ஒவ்வொரு டீமாக உட்கார வைத்து நோட்டைப் பார்த்தார். இருபது மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். தேவயானி மேஜையிலிருந்த பந்தை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்தாள். "ஒரு பக்கம் ஓடுது மேம். ஒரு பக்கம் நிக்குது." அக்காவின் வார்த்தைகள், அக்காவின் கை. நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா புரிஞ்சு வச்சிருக்கே. யார் சொன்னது இது?"

"வடலூர்லேருந்து ஒரு அக்கா வந்தாங்க மேம்."

"இங்க பேர் இல்லையே?"

தேவயானி என்னைப் பார்த்தாள். நடுவரும் திரும்பி, "பேரென்ன சார்?" என்றார்.

செந்தில்நாதன் சார் என் தோள் உரச நின்றிருந்தார். எழில்மதி என்று மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும். அக்கா என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை. ஆனால் பெயரைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களோ, அடுத்தது வந்துவிடுமோ என்று பயந்தேன்.

"வைண்டிங் கடைக்காரங்க மேடம். பேரு ஞாபகம் இல்ல."

நடுவர் அந்தக் காலிக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

மூன்றாம் பரிசு கிடைத்தது. வேனில் பிள்ளைகள் திண்டிவனம் வரைக்கும் பாடிக்கொண்டே வந்தார்கள். நான் முன் சீட்டில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் பெயரை யாராவது கேட்டு எனக்கு ஞாபகம் இல்லாமல் போயிருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். போயிருக்காது. கான்ட்ராக்ட் கூலியின் மகன் என்று மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். வைண்டிங் கடைக்காரியின் தம்பி என்றால் அவளும் படித்திருக்கலாமே, ஏன் படிக்கவில்லை என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது எங்கள் தெருவிலேயே, நான்கு வீடு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கறிக்குழம்பை என் தட்டில் ஊற்றி, "போதுங்களா சார்?" என்றாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "தம்பிக்கு எவ்ளோ மரியாதி குடுக்குது பாரு" என்று அப்பாவிடம் சொன்னார்.

பத்து நாள் கழித்து தேவயானி நோட்டோடு ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்தாள். அவளுக்கு அந்தக் கோடு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டு மிக்ஸி ரிப்பேர் என்றதும் அப்பாவை வடலூருக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இரண்டு கடை விசாரித்து மூன்றாவதில் கண்டுபிடித்துவிட்டாள். கோட்டுக்கு மேலே அ. எழில்மதி, வடலூர் என்று எழுதியிருந்தது.

"இனிஷியல் கேட்டேன் சார். அப்பா பேரு அய்யனாராம். உங்க அப்பா பேரும் அதுதானே சார்? போட்டி ஃபார்ம்ல எழுதினீங்களே."

நான் அந்த இனிஷியலையே பார்த்தேன்.

"ஊரும் உங்க ஊருதான் சொன்னாங்க. சாருக்கு நீங்க என்ன வேணும்னு கேட்டேன். கஸ்டமர் வேணும்னு சிரிச்சாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"ஏன் முன்னாடியே பேரு எழுதலன்னு கேட்டாங்க சார். சாருக்கு உங்க பேரு ஞாபகம் இல்லன்னு சொன்னேன்." நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அதுக்குச் சிரிக்கல."

"என் அக்காம்மா அவங்க. கூடப் பிறந்த அக்கா."

"அப்போ பேரு..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள் தேவயானி. பேனாவை மூடினாள். பதில் வராமல் அவள் பேனாவை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். என்னை நிமிர்ந்து பார்க்காமல், நோட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானமே செந்தில்நாதன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீ டம்ளர் காலத்திலிருந்து சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அட, அன்னிக்கே சொல்லியிருந்தா உக்காரவெச்சு டீ குடுத்து அனுப்பியிருப்போமேப்பா" என்றார். பிறகு பேப்பர் திருத்தப் போய்விட்டார். அவ்வளவுதான். நான் எதற்குப் பயந்து அத்தனையும் செய்தேனோ, அது டீ ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை.

சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அக்கா ஒரு போர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை விட்டுப்போகும் என்பதால் நடுவில் பேச மாட்டாள். நின்றேன். சுற்று முடிந்து முடிச்சுப் போட்ட பிறகு கையை நீட்டினாள். கொடுத்தேன். எழில்மதி என்கிற பெயருக்குக் கீழே 'பயிற்சியாளர் கலைச்செல்வனின் அக்கா' என்று நான் பேனாவால் எழுதியிருந்தேன். எழுத்து கோணலாக இருந்தது.

அக்கா அதைப் படித்தாள். பக்கங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நிறுத்தி, வாய்விட்டுப் படித்தாள்.

"'நெய்வேலியில் எதுவுமே வேகமாகச் சுற்றாது. பலமாகச் சுற்றும். சொன்னவர் பெயர், கலைச்செல்வன் சார், பி.இ.'" சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பா சொன்ன எடத்துல டிகிரியோட பேரு இருக்குது பாரு."

"எக்கா, சார்னு கூப்புடாதக்கா."

சிரிப்பு நின்றது. நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். அடுத்த கம்பிச் சுருளை எடுத்து, நுனியைத் தேடிப் பிடித்தாள்.

"இன்னா பண்றது. உங்க பேரு ஞாபகம் வரலீங்க சார்" என்றாள். "அந்த வார்னிஷ் டப்பாவ இப்புடித் தள்ளுங்க."

தள்ளினேன்.